இறங்க முக்கால் மணி, ஏற நாலரை மணி

சவூதியில் ஜித்தாவுக்கு வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. அதில் ஐந்து வருடம் வெள்ளிக்கிழமை என்றால் துணி துவைப்பது, பிரியாணி வைப்பது, ஊருக்கு வீடியோ கால் போடுவது, அவ்வளவுதான். பழைய யாரிஸ் கார் ஒன்று வாங்கிய பிறகுதான் சுற்றும் ஆசை வந்தது. அந்தச் சமயத்தில் யாரோ வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார்கள். கருங்கல் பாலைவனத்தின் நடுவே வட்டமாக ஒரு பெரும் பள்ளம், அடியில் பாலை ஊற்றி வைத்தது மாதிரி வெள்ளை. வஹ்பா எரிமலைப் பள்ளம் என்றார்கள். வழியில் இருக்கும் தாயிஃப் நகரிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர். போய், இறங்கி, ஏறி, இரவு சாப்பாட்டுக்கு அறைக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். தேடிப் பார்த்ததில் எனக்குக் கிடைத்ததெல்லாம் அழகான படங்களும் 'கட்டாயம் பாருங்கள்' என்ற வரிகளும்தான். ஏறி வருவது எப்படி இருக்கும் என்று ஒருவர்கூட எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

நாலு பேர் போவதாகத்தான் பேச்சு. வியாழன் இரவு ஒருவருக்கு ஓவர்டைம் வந்தது, ஒருவருக்குக் காய்ச்சல், மூன்றாமவர் போனையே எடுக்கவில்லை. அறையில் மூத்தவரான கீழக்கரை பாய், "தம்பி, தனியாப் போகாதே. குளிர் காலத்துல எல்லாரும் சேர்ந்து போவோம்" என்றார். ஏப்ரல் முதல் வாரம் அது. எனக்கு ரோஷம். யார் யாருக்காகவோ காத்திருந்து காத்திருந்தே ஆறு வருடம் போய்விட்டது என்று ஒரு கோபம். விடிகாலை மூன்றரைக்குக் கிளம்ப வேண்டியவன், அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கி, ஆறு மணிக்கு வண்டியை எடுத்தேன். அன்று பட்ட அத்தனை பாட்டுக்கும் விதை அந்த இரண்டரை மணி நேரம்.

நான் இந்து என்பதால் மக்காவுக்குள் போக முடியாது, முஸ்லிம் அல்லாதவர்களுக்கான சுற்றுச் சாலையில்தான் போக வேண்டும். அதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஹதா மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறினால் தாயிஃப். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம். ஜன்னலை இறக்கினால் ஊட்டிக் காற்று. அந்தக் குளிர்தான் என்னை ஏமாற்றியது. 'இன்றைக்கு வெயில் இல்லை' என்று முடிவே கட்டிவிட்டேன். தாயிஃபைத் தாண்டி ரியாத் சாலையில் இறங்கி, பிறகு வடக்கே திரும்பிப் போகப்போக காற்றின் குணம் மாறியதை ஏசி போட்ட காருக்குள் எப்படி உணர்வது? பள்ளத்துக்கு முன்னால் உம்முத் தூம் என்று ஒரு சின்ன ஊர் வரும். அங்கே பெட்ரோல் போட்டேன். பக்காலாவில், அதாவது மளிகைக் கடையில், தண்ணீர் வாங்கலாம் என்று நினைத்து, திரும்பி வரும்போது பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டேன். வண்டியில் ஒன்றரை லிட்டர் பாட்டில் ஆறு இருந்தது, அது போதுமே என்ற நினைப்பு. அதில் ஐந்து வண்டியிலேயே தங்கிவிட்டது என்பதுதான் விஷயம்.

பார்வை இடம் வரை தார்ச்சாலை இருக்கிறது, என் மாதிரிச் சின்னக் காரே போகும். நான் அதோடு நிற்காமல், இன்னும் நல்ல கோணத்தில் படம் எடுக்கலாம் என்று விளிம்பை ஒட்டிய கல்தடத்தில் வண்டியை விட்டேன். அந்தக் கற்கள் நம் ஊர் ஜல்லி மாதிரி மழுங்கியவை அல்ல. எரிமலைக் குழம்பு இறுகி உடைந்த கருங்கல், ஓரமெல்லாம் உடைந்த கண்ணாடி மாதிரி இருக்கும். ஓரிடத்தில் 'சரக்' என்று ஒரு சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. சரி என்று விட்டுவிட்டேன்.

விளிம்பில் போய் நின்றதும் எல்லாம் மறந்துபோனது. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சமதரை சட்டென்று முடிந்துவிடுகிறது. இரண்டு கிலோமீட்டர் அகலம், கிட்டத்தட்ட 250 மீட்டர் ஆழம். தஞ்சைப் பெரிய கோவில் விமானம் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் ஏறக்குறைய உள்ளே அடங்கிவிடும். முன்பு இதை விண்கல் விழுந்த பள்ளம் என்று நினைத்திருக்கிறார்கள். உண்மையில் இது எரிமலை வேலை. சுமார் 11 லட்சம் வருடங்களுக்கு முன்பு கீழிருந்து ஏறி வந்த எரிமலைக் குழம்பு நிலத்தடித் தண்ணீரைத் தொட்டது. தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி வெடித்ததில் தரை சிதறிப் பள்ளமானது. சுற்றிலும் இருக்கும் கருங்கல் பரப்புக்கு ஹர்ரத் கிஷ்ப் என்று பெயர். அடியில் வெள்ளையாகத் தெரிவது உப்பு மாதிரியான சோடியம் பாஸ்பேட் படிகம். அரபிகள் சொல்லும் கதை வேறு. தமிய்யா என்ற மலை, தூரத்தில் இருந்த கதன் என்ற மலையை மின்னல் வெளிச்சத்தில் பார்த்துக் காதல் கொண்டு, வேரோடு பிடுங்கிக்கொண்டு பறந்து போனதாம். அவள் பெயர்ந்த இடம்தான் இந்தப் பள்ளமாம். எனக்கு அந்தக் கதைதான் பிடித்திருக்கிறது. எரிமலை என்றதும் அம்மா முதலில் கேட்டது "வெடிச்சிடாதாப்பா?" என்றுதான். சவூதியில் எரிமலை கடைசியாகப் பெரிதாகப் பொங்கியது 1256-ல், மதீனா பக்கம். நெருப்பை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை என்று அம்மாவுக்குத் தைரியம் சொன்னேன். எதற்குப் பயப்பட வேண்டும் என்பது எனக்கே தெரியவில்லை.

மணி 11:10. ஒரு ஒன்றரை லிட்டர் பாட்டில், ஒரு பாக்கெட் பிஸ்கட், தோளில் துண்டு, காலில் ஜிம்முக்குப் போடும் ஷூ. முக்கால் மணியில் இறங்கிவிடலாம் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன், அதனால் ஒரு பாட்டில் போதும் என்று தோன்றியது. பாதை என்று ஒன்று இருக்கிறது, ஆனால் படிக்கட்டு இல்லை. மேலே கருங்கல் அடுக்கு, நடுவில் சாம்பல் நிறத்தில் இறுகிய எரிமலைத் தூசி, கீழே போகப்போக உதிர்ந்து குவிந்த சரளை. அந்தச் சரளையில் காலை வைத்தால் ஒரு அடிக்கு அரை அடி சறுக்கும். ஓரிடத்தில் உட்கார்ந்தபடியே பத்தடி போனேன், பின் பாக்கெட்டில் இருந்த போனின் திரை நொறுங்கியது. ஆனாலும் சிரிப்புத்தான் வந்தது. இறக்கம் உடம்புக்குச் சுகமாக இருக்கும், யாருக்கும் தான் சூரன் என்று தோன்றும். 11:55-க்கு அடியில் நின்றேன்.

இறங்கும்போது நான் ஒரு தடவைகூடத் திரும்பி மேலே பார்க்கவில்லை. கீழிருந்து பார்த்தால் சுவர் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். எந்த இடுக்கு வழியாக வந்தோம் என்று கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொல்லவே முடியாது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நின்று, திரும்பி, மேல்நோக்கி ஒரு படம் எடுத்து வையுங்கள். கீழே தரையைத் தொடும் இடத்தில் நாலு கல்லை அடுக்கி, பளிச்சென்று ஒரு துணியைக் கட்டிவிட்டு நகருங்கள். இரண்டு நிமிட வேலை. நான் அதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரை பாதியோடு முடிந்திருக்கும்.

அடியில் இருக்கும் வெயில் வேறு ஜாதி. மேலே வீசிய காற்று சுத்தமாக நின்றுவிட்டது. வெள்ளைத் தரை வெயிலைத் திருப்பி அடிக்கிறது. தொப்பி போட்டிருந்தேன், ஆனால் மறுநாள் பார்த்தால் தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்தின் கீழேயும் தோல் வெந்திருந்தது. கண்ணை முழுதாகத் திறக்க முடியவில்லை. நடுவில் போய் ஒரு படம் எடுத்துவிட்டுத் திரும்பலாம் என்று நடந்தேன். கரையோரம் தரை கெட்டியாக, காய்ந்த அப்பளம் மாதிரி நொறுங்கியது. நடுவை நோக்கிப் போகப்போகச் சத்தம் மாறியது. நொறுங்கும் சத்தம் போய், 'சொத் சொத்' என்றது. முந்தின வாரம் மழை பெய்திருக்கிறது. மேலே வெள்ளை ஓடு காய்ந்திருந்தாலும் அடியில் சேறு அப்படியே இருந்திருக்கிறது. வலது கால் முழங்கால் வரை உள்ளே போனது. பதறி இடது காலை ஊன்றினேன், அதுவும் போனது. வயலில் உழுத சேற்றில் நின்று பழகியவன்தான், ஆனால் இந்தச் சேறு பசை மாதிரி கவ்வுகிறது. குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, தவழ்ந்துதான் வெளியே வந்தேன். கால் வந்தது, வலது ஷூ வரவில்லை. கையை விட்டுத் துழாவிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பாட்டிலில் இருந்த தண்ணீரில் கால்வாசியைக் கண்ணில் பட்ட சேற்றைக் கழுவவே செலவழித்தேன். வெள்ளை ஓட்டின் நிறம் மங்கினாலோ, காலடியில் சத்தம் மாறினாலோ அங்கேயே திரும்பிவிடுங்கள். மழை பெய்த இரண்டு மூன்று வாரத்துக்கு நடுப்பகுதியை மறந்தேவிடலாம். கரையோரம் நின்று எடுத்தாலும் படம் அதே படம்தான்.

12:40-க்கு ஏற ஆரம்பித்தேன். வலது காலில் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தேன். கையில் அரை லிட்டருக்கும் குறைவான தண்ணீர். வந்த வழி என்று நினைத்து ஏறிய இடுக்கு நான் வந்த வழியே இல்லை. அரை மணி நேரம் ஏறிய பிறகு எதிரே செங்குத்துச் சுவர். இறங்கி, பக்கவாட்டில் நகர்ந்து, இன்னொரு இடுக்கு. அதிலும் சரளை, இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கல். ஒன்றரை மணி சுமாருக்கு பாட்டில் காலி. அப்புறம் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தலைக்குள் சம்மட்டி அடி, வாந்தி வருகிற மாதிரி இருந்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. போனை எடுத்தேன். நொறுங்கிய திரையில் விரல் பட்ட இடமெல்லாம் கீறியது, சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. அவசர உதவி எண் 911 அடித்துப் பார்த்தேன், போகவில்லை. உதவி கேட்டு வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் பதிவு செய்து அனுப்பினேன், அது அப்படியே சுற்றிக்கொண்டே நின்றது. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம். மேலே ஒரு ஆள் இல்லை. கத்தினேன், என் குரலே எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. கொஞ்ச நேரம் அழுதேன், அதை மறைப்பதில் அர்த்தமில்லை. மகள் அப்போதுதான் இரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். அவளுக்கு என்ன சொல்வார்கள் என்றுதான் நினைப்பு ஓடியது.

எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது எங்கள் வீட்டுக் கிணறு. கோடையில் தூர் வார ஆள் இறங்கும்போது, மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்காமல் அப்பா இறங்கவே விடமாட்டார். எவ்வளவு கூலி நட்டமானாலும் சரி. இதுவும் கிணறுதானே. மலை ஏறும்போது களைத்தால் பாதியில் திரும்பலாம், திரும்பும் வழி இறக்கம். உடம்பே நம்மை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடும். பள்ளம் என்பது தலைகீழ் மலை. தெம்பு இருக்கும்போது சுலபமான பாதி, தெம்பு தீர்ந்த பிறகு கஷ்டமான பாதி, அதுவும் உச்சி வெயிலில். களைப்பு நமக்குத் தெரிய வரும்போது திரும்பும் காலம் கடந்திருக்கும். இந்த ஒன்று மட்டும் முன்பே மண்டையில் ஏறியிருந்தால் பதினோரு மணிக்கு இறங்கியிருக்கவே மாட்டேன்.

நான் அன்று செய்த ஒரே உருப்படியான காரியம், ஏறுவதை நிறுத்தியதுதான். ஒரு பெரிய பாறையின் அடியில் ஆள் உட்காரும் அளவுக்கு நிழல் இருந்தது. அதற்குள் உடம்பைச் சுருட்டி உட்கார்ந்தேன். 'இன்னும் கொஞ்சம்தான், ஏறிவிடலாம்' என்று மனது பிடுங்கியது. அந்த நேரத்தில் ஏறியிருந்தால் கண் இருட்டிச் சரிவில் உருண்டிருப்பேன். இரண்டு மணி முதல் மூன்றே முக்கால் வரை அசையவில்லை. பிஸ்கட்டைத் தொடவில்லை, வறண்ட வாயில் அது மாவாக அடைத்துக்கொள்ளும். மேற்குப் பக்க விளிம்பின் நிழல் மெல்லச் சரிவில் இறங்கி வந்தது. அது என் பாறைக்கு வருவதற்கு முன்பே காற்று லேசாக அசைந்தது. சாய்ந்த வெயிலில் சுவரின் மேடு பள்ளமெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. மத்தியானம் தட்டையாகத் தெரிந்த சுவரில், எனக்கு வலப்புறம் நூறடி தள்ளி, பாதை கோடு போட்ட மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. நூறே அடி. இருபது அடி ஏறுவது, உட்காருவது, முப்பது எண்ணுவது, எழுவது. விளிம்பில் கை வைத்தபோது மணி 5:10.

வண்டியைத் திறந்து தண்ணீரைக் கடகடவென்று குடித்தேன், அப்படியே வாந்தி எடுத்தேன். அப்புறம்தான் பார்த்தேன், பின்பக்க இடது டயர் தரையோடு தரையாக இருந்தது. காலையில் கேட்ட அந்தச் 'சரக்'. பக்கச் சுவரே கிழிந்திருந்தது. ஸ்டெப்னியை எடுத்தால் அதில் பாதிக் காற்று. வாங்கிய நாளிலிருந்து அதை ஒரு தடவை அமுக்கிக்கூடப் பார்த்ததில்லை. ஜாக்கியைப் போடக் குனிந்தால் தலை சுற்றியது. அப்போதுதான் ஒட்டகங்களைப் பார்க்கும் சூடானி ஒருவர் பழைய பிக்கப்பில் வந்தார். என் காலில் கட்டிய துண்டையும் முகத்தையும் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி, மூடியில் ஊற்றிக் கொடுத்தார். "ஷ்வய்யா, ஷ்வய்யா" என்றார், மெல்ல மெல்ல என்று. மூடி மூடியாகக் கால் மணி நேரம் குடிக்க வைத்தார். பிறகு உப்புத் தடவிய ஒரு ரொட்டித் துண்டும் நாலு பேரீச்சம்பழமும் தந்தார். டயரை அவரே மாற்றினார். 50 ரியாலை நீட்டினேன், என் கையை மடக்கி என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டார்.

பாதிக் காற்று ஸ்டெப்னி தாயிஃப் வரை தாங்கவில்லை. நெடுஞ்சாலையில் நின்று, காரை ஏற்றிப் போகும் சத்ஹா வண்டி பிடித்தேன், 450 ரியால். இரவு நேரம், பேரம் பேசத் தெம்பில்லை. புது டயர் 350. போன் திரை 380. ஷூ 260. தாயிஃபில் ஒரு கிளினிக்கில் இரண்டு பாட்டில் டிரிப்ஸ் ஏற்றினார்கள், காப்பீடு போக நான் கட்டியது 100. ஞாயிறும் திங்களும் எழுந்திருக்க முடியவில்லை, சம்பளத்தில் இரண்டு நாள் பிடித்ததில் 300. ஆக மொத்தம் 1,840 ரியால், நம் பணத்தில் கிட்டத்தட்ட 40,000 ரூபாய். அந்த மாதம் ஊருக்குப் பணம் குறைவாக அனுப்பினேன். "என்னங்க ஆச்சு?" என்று வீட்டில் கேட்டாள். வண்டி ரிப்பேர் என்றேன். பாதி உண்மை.

இவ்வளவுக்கும் பிறகு போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போங்கள். முந்தின இரவே போய்ச் சேர்ந்து, விடிந்ததும் இறங்கி, பத்து மணிக்கு விளிம்பில் இருக்கிற மாதிரி பாருங்கள். பத்தாகும்போல் தெரிந்தால் இறங்கவே வேண்டாம், மேலிருந்து பார்த்தாலே போதும் போதும் என்றிருக்கும். ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர். அடியைத் தொடும்போது அதில் மூன்று லிட்டருக்குக் குறையாமல் மீதி இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த இடத்திலேயே திரும்புங்கள். வெறும் தண்ணீர் மட்டும் போதாது, ஓஆர்எஸ் பொடி நாலு பாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு ரியால் மூன்று ரியால் சமாச்சாரம். கணுக்காலை மூடும் ஷூ வேண்டும், கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். தார்ச்சாலை முடியும் இடத்தில் வண்டியை நிறுத்துங்கள், ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று ஜித்தாவிலேயே பாருங்கள். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் வழியில் கடைகள் மூடியிருக்கலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள். சிக்னல் இருக்கும்போதே ஒருவருக்கு, 'இத்தனை மணிக்குள் நான் கூப்பிடாவிட்டால் 911-க்குச் சொல்' என்று நேரம் குறித்து அனுப்புங்கள். சும்மா 'வஹ்பா போகிறேன்' என்று சொல்லிவிட்டு வந்தால், மாலை வரை யாரும் தேட மாட்டார்கள். பாய் என்னை முதலில் கூப்பிட்டதே இரவு ஒன்பது மணிக்கு.

டிசம்பரில் பாய் சொன்னபடியே எல்லோரும் சேர்ந்து போனோம். ஆறு பேர். விடியும் முன்பே விளிம்பில் அடுப்பு மூட்டி, பால் இல்லாத சுலைமானி டீ போட்டுக் குடித்தோம். ஐந்து பேர் இறங்கினார்கள். நான் மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன், பக்கத்தில் ஒரு கேஸ் தண்ணீர், கையில் விசில். "தம்பி, உன் ஷூவைத் தேடி எடுத்துட்டு வரவா?" என்று பாதிச் சரிவிலிருந்து பாய் கத்தினார். நடுவுக்குப் போகாதீங்க பாய் என்று பதிலுக்குக் கத்தினேன். அவர் கையை ஆட்டிவிட்டு, திரும்பி, மேலே என்னைப் பார்த்து ஒரு படம் எடுத்தார்.